பிரசவம் ‘பார்ப்பது’ என்றால் என்ன? பாண்டிச்சேரியில் நர்ஸும் மருத்துவச்சியும்

(எபிசோடின் பேச்சு, வாசிக்க வசதியாகக் கொஞ்சம் சீர்செய்து கீழே தரப்படுகிறது.)

இன்னைக்கு எபிசோடு ஒரு சின்ன வினைச்சொல்லில் இருந்து ஆரம்பிக்குது: பார்ப்பது.

தமிழ்ல நாம ‘பிரசவம் பார்த்தாங்க’ன்னு சொல்றோம். வைத்தியம் பார்க்கிறது, கணக்குப் பார்க்கிறது மாதிரி. இங்கே பார்க்கிறதுன்னா செய்யறது. ‘எங்க பாட்டி ஊர்ல பாதிப் பேருக்குப் பிரசவம் பார்த்தவங்க’ன்னு யாராவது சொன்னா, பாட்டி ஓரமா நின்னு வேடிக்கை பார்த்தாங்கன்னு நாம எடுத்துக்க மாட்டோம்.

ஆனா ஒரு நர்சிங் மாணவி லேபர் வார்டு போஸ்டிங் முடிச்சுட்டு ஹாஸ்டலுக்கு வந்து, ‘இன்னைக்கு நாலு டெலிவரி பார்த்தேன்’னு சொன்னா? ரெண்டு அர்த்தமும் பொருந்தும். கையுறை போட்டு அந்தக் குழந்தையை அவளே ஏந்தியிருக்கலாம். இல்லைன்னா, மூணாவது வரிசையில நின்னு எட்டிப் பார்த்திருக்கலாம்.

இந்த ரெண்டு ‘பார்ப்பது’க்கும் நடுவில் இருக்கிற தூரம்தான் இன்னைக்கு நம்ம விஷயம். நர்சிங் படிச்சு வெளியே வர்றவங்க பிரசவ வேலைக்கு எவ்வளவு தயாரா வர்றாங்க? இந்தக் கேள்வியை நாம பாண்டிச்சேரியை வச்சுப் பார்க்கப் போறோம். ஏன் பாண்டிச்சேரி? ஒண்ணு, இந்தச் சின்ன ஊரைச் சுத்தி அத்தனை மருத்துவக் கல்லூரிகள், நர்சிங் கல்லூரிகள். இன்னொண்ணு, இந்த ஊரை நீண்ட காலம் ஆண்ட பிரெஞ்சுக்காரர்கள் நாட்டில் நர்ஸ் வேற, மருத்துவச்சி வேற. நம்ம நாட்டில் ரெண்டும் ஒண்ணு. அது எப்படி ஒண்ணாச்சு, ஆனதில் என்ன கிடைச்சது, என்ன விட்டுப்போச்சு?

ஒரு பதிவு, ரெண்டு தகுதி

முதல்ல இன்றைய நிலைமை. இந்தியாவில் ஒரு பெண் பி.எஸ்சி. நர்சிங்கோ, ஜி.என்.எம். டிப்ளமோவோ முடிச்சு கவுன்சிலில் பதிவு செய்யும்போது, பெயருக்குப் பின்னாடி ஆர்.என்., ஆர்.எம். என்று ரெண்டு தகுதி சேருது. முதலாவது, பதிவு பெற்ற நர்ஸ். ரெண்டாவது, பதிவு பெற்ற மிட்வைஃப், அதாவது மகப்பேறு செவிலி. ஜி.என்.எம். என்பதில் இருக்கிற அந்த ‘எம்’முக்கே மிட்வைஃபரின்னுதான் அர்த்தம்.

சட்டப்படி, அந்தப் பெண் இயல்பான பிரசவத்தைத் தானே நடத்தத் தகுதியானவள். ஆனா படிப்புக்குள்ளே மகப்பேறு என்பது பல பாடங்களில் ஒண்ணு. அறுவை சிகிச்சை நர்சிங், குழந்தைகள் நர்சிங், மனநலம், சமூக நலம், இதோட இதுவும்.

உலக மருத்துவச்சிகள் கூட்டமைப்பு வேற கணக்கு சொல்லுது. நேரடியா மிட்வைஃபரி படிக்க வர்றவங்களுக்குக் குறைந்தது மூணு வருஷம். ஏற்கெனவே நர்சிங் முடிச்சவங்களுக்குக் கூடுதலா குறைந்தது 18 மாசம். ‘கூடுதலா’ என்ற சொல்லைக் கவனிங்க. நர்சிங் தெரிஞ்சா பிரசவமும் தெரிஞ்ச மாதிரிதான் என்று அவங்க நினைக்கல. பிரான்சில் ‘சாழ்-ஃபாம்’ என்று சொல்லப்படுற மருத்துவச்சி, சட்டப்படி டாக்டர், பல் டாக்டர் இவங்களோட ஒரே வரிசையில் வைக்கப்பட்ட மருத்துவத் தொழில் செய்பவர். ஐந்து வருஷத்துக்குக் குறையாத படிப்பு. இயல்பான பிரசவத்துக்கு அவரே பொறுப்பு. மருந்தும் எழுதித் தரலாம்.

இப்போ கொஞ்சம் பின்னாடி போவோம்.

மருத்துவச்சி யார்?

‘மருத்துவச்சி’ என்ற சொல்லை எடுத்துப் பாருங்க. மருத்துவம் செய்யும் பெண் என்பதுதான் நேர் பொருள். ஆனா தமிழ்ல அந்தச் சொல் பிரசவம் பார்க்கிறவங்களுக்கு மட்டும்னு ஆகிப்போச்சு. தமிழ்நாட்டிலும் பாண்டிச்சேரியைச் சுற்றிய கிராமங்களிலும் இந்த வேலையைப் பெரும்பாலும் செய்தவர்கள் முடிதிருத்தும் தொழில் செய்த சாதியைச் சேர்ந்த பெண்கள். அந்தச் சாதிக்கே ‘மருத்துவர்’ என்ற பெயர் உண்டு. ஆண்கள் முடிதிருத்தினார்கள், கட்டிக்குக் கீறி மருந்து வைத்தார்கள். பெண்கள் பிரசவம் பார்த்தார்கள்.

பிரசவத்தைத் தீட்டு என்று ஒதுக்கிய சமூகம், அந்தத் தீட்டைத் தொடும் வேலையை ஒரு சாதிப் பெண்களிடம் தள்ளியது. ஊரே அவங்க கையில் பிறந்தாலும் மரியாதை மட்டும் கிடைக்கல. நெல்லும் புடவையும் கிடைச்சது.

அவங்க எப்படிக் கத்துக்கிட்டாங்க? அம்மாவோட, மாமியாரோட கூடவே போய். முதல்ல வெந்நீர் எடுத்துக் கொடுக்கிறது, அப்புறம் முதுகைப் பிடிக்கிறது, அப்புறம் ஒரு நாள் குழந்தையை ஏந்துறது. வருஷக்கணக்கா இந்தப் பயிற்சி. கைக்கு நல்ல பழக்கம் வரும். ஆனா கிருமி என்றால் என்ன என்று யாரும் சொல்லித் தரல. தொப்புள்கொடியை அறுக்கிற கருவி சுத்தமில்லைன்னா குழந்தைக்கு டெட்டனஸ் வரும். ரத்தப்போக்கு நிற்கலைன்னா கொடுக்க மருந்து இல்ல.

அதனால அந்தக் காலத்தை ரொம்பப் புகழ்ந்து பேச முடியாது. 1946ல் வந்த போர் கமிட்டி அறிக்கையின் கணக்குப்படி, 1,000 பிரசவத்துக்குச் சுமார் 20 தாய்மார்கள் இறந்தார்கள். அன்றைய இந்தியாவில் வருஷத்துக்குச் சுமார் 2 லட்சம் பெண்கள். நாடு முழுக்கப் பயிற்சி பெற்ற மிட்வைஃப்கள் 5,000 பேர் அளவில்தான் இருந்தார்கள். தேவை ஒரு லட்சம் என்றது அந்தக் கமிட்டி.

துணிப் பொம்மையும் ஒரு சட்டமும்

இதே பிரச்சினை 18ஆம் நூற்றாண்டு பிரான்சிலும் இருந்தது. கிராமத்தில் பிரசவம் பார்த்த பெண்களுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. 1759ல் பதினைந்தாம் லூயி மன்னர், மேடம் து குத்ரே என்ற பாரிஸ் மருத்துவச்சிக்கு ஓர் ஆணை கொடுத்தார்: நாடு முழுக்கப் போய்ப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுங்க.

அவர் தன்னோட ஒரு பொம்மை எடுத்துக்கிட்டுப் போனார். துணியும் தோலும் பஞ்சும் வச்சுச் செய்த ஒரு பெண் இடுப்பு, உள்ளே ஒரு குழந்தைப் பொம்மை. அதன் வாய்க்குள் விரல் நுழையும். குழந்தை தலைகீழா வராம கால் வழியா வரும்போது தலையை எப்படி வெளியே கொண்டுவர்றதுன்னு பழகிப் பார்க்க அந்த வாய். இந்தப் பொம்மைகளில் ஒண்ணு இன்னைக்கும் ரூவான் நகர மியூசியத்தில் இருக்கு.

அவர் இப்படி ஊர் ஊரா போகத் தொடங்கிய அதே காலத்தில், 1761 ஜனவரியில், பிரிட்டிஷ் படை பாண்டிச்சேரியைப் பிடித்து ஊரையே இடித்துத் தரைமட்டமாக்கியது. அது வேற கதை. நமக்கு வேண்டியது அந்தப் பொம்மைக்குப் பின்னாடி இருக்கிற யோசனை. படிச்சுத் தெரிஞ்சுக்கிறது போதாது, கை பழகணும். ஆனா பழகாத கையை முதல்ல ஒரு உயிருள்ள பெண் மேல வைக்கக் கூடாது.

அடுத்து, 1803 மார்ச். பிரான்சில் மருத்துவத் தொழிலை ஒழுங்குபடுத்த ஒரு சட்டம் வருது. அதில் மருத்துவச்சிக்குத் தனிப் பகுதி உண்டு. தேர்வுக்கு வரும் மாணவி ரெண்டு பாடத்தொடராவது முடிச்சிருக்கணும். அதோட, ஒன்பது மாசம் பிரசவங்களைப் பார்த்திருக்கணும், அல்லது ஆறு மாசம் தானே நடத்தியிருக்கணும்.

இந்த ‘அல்லது’வை யோசிச்சுப் பாருங்க. பார்ப்பதும் செய்வதும் ஒண்ணு இல்லன்னு 1803லேயே சட்டம் எழுதினவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. பார்க்கிற வழின்னா காலம் அதிகம், செய்கிற வழின்னா காலம் குறைவு. ஆனா வெறும் பார்வையையும் அவங்க போதும்னு ஏத்துக்கிட்டாங்க. அந்த ஓட்டை 200 வருஷமா பல நாட்டுப் பாடத்திட்டங்களில் ஒளிஞ்சிருக்கு.

பாண்டிச்சேரியில் ‘சிஸ்டர்’

அந்தச் சட்டம் வந்தப்போ பாண்டிச்சேரி பிரிட்டிஷ் கையில் இருந்தது. 1816ல்தான் பிரெஞ்சுக்காரர்களிடம் திரும்பியது. அதுக்கப்புறம் 1823ல் இங்கே ஒரு பிரெஞ்சு மருத்துவப் பள்ளி தொடங்கியதாக ஜிப்மர் தன் வரலாற்றில் சொல்லுது. 1827ல் குளூனி புனித சூசையப்பர் சபைச் சகோதரிகள் பாண்டிச்சேரிக்கு வந்தார்கள். இன்னைக்கும் ‘குளூனி’ன்னா ஊரில் எல்லாருக்கும் தெரியும்.

கத்தோலிக்க உலகத்தில் ஆஸ்பத்திரி நோயாளிகளைக் கவனிக்கிற வேலை பெரும்பாலும் துறவறச் சகோதரிகளுடையது. நர்ஸை இன்னைக்கும் நாம ‘சிஸ்டர்’னு கூப்பிடுறோமே, அந்த வழக்கத்தோட வேர் அங்கேதான்.

ஆனா அந்தச் சகோதரிகள் செய்யக் கூடாதுன்னு திருச்சபை ஒதுக்கி வச்ச ஒரு வேலை இருந்தது. அது பிரசவம். கன்னிமை விரதம் எடுத்த பெண்கள் பிரசவ அறையில் நிற்பது தகாது என்ற எண்ணம். டாக்டர் மேரி க்ளௌரி என்ற ஆஸ்திரேலியப் பெண்மணி 1920ல் ஆந்திராவின் குண்டூருக்கு வந்து துறவறத்தில் சேர்ந்தார். கன்னியாஸ்திரியா இருந்துகொண்டே வைத்தியம் பார்க்க அவருக்குப் போப்பாண்டவரின் தனி அனுமதி வேண்டியிருந்தது. 1936ல்தான் வத்திக்கான், மிஷன் நாடுகளில் சகோதரிகள் மகப்பேறு வேலையும் கத்துக்கிட்டுச் செய்யலாம் என்று பொதுவா வழி திறந்தது.

அதாவது ‘சிஸ்டர்’ என்ற நர்ஸும் ‘மருத்துவச்சி’யும் நம்ம ஊருக்கு ரெண்டு தனித்தனி வழியில் வந்தவர்கள். ஒருத்தர் தூய்மையின் அடையாளம், இன்னொருத்தர் தீட்டைச் சுமந்தவர். மதிப்பும் அப்படித்தான் பிரிஞ்சது. இன்னைக்கு ஒரு மாணவியின் சான்றிதழில் ரெண்டு பேரும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கிறாங்க. ஆனா அந்தப் பழைய மேடு பள்ளம் போகலைன்னு தோணுது. மகளை நர்ஸுக்குப் படிக்க வைக்கிறோம்னு பெருமையா சொல்ற வீட்டில், மருத்துவச்சிக்குப் படிக்க வைக்கிறோம்னு சொல்வாங்களா?

மெட்ராஸ் காட்டிய வழி

நர்ஸையும் மிட்வைஃபையும் ஒண்ணாக்கியது பாண்டிச்சேரி இல்ல. அது பிரிட்டிஷ் இந்தியா. அதில் மெட்ராஸுக்குப் பெரிய பங்கு உண்டு.

1844ல் எழும்பூரில் அரசு மகப்பேறு மருத்துவமனை தொடங்கியது. 1854ல் அங்கேயே மிட்வைஃப் பயிற்சி ஆரம்பமானது. அந்த மருத்துவமனையில் பிரசவப் பயிற்சி எடுத்தவர்களில் ஒருவர் மேரி ஷார்லீப், மெட்ராஸில் வக்கீலா இருந்த ஒருவரின் மனைவி. ஒரு வருஷம் மிட்வைஃபரி கத்துக்கிட்ட பிறகுதான் அவர் 1875ல் மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் நுழைந்தார். பின்னாளில் பெரிய டாக்டர் ஆனார். அவருடைய மருத்துவ வாழ்க்கை பிரசவ அறையில்தான் தொடங்கியது.

1926ல் மெட்ராஸ் மாகாணம் நர்ஸுக்கும் மிட்வைஃபுக்கும் சேர்த்து ஒரே பதிவுச் சட்டம் போட்டது. 1947ல் இந்திய நர்சிங் கவுன்சில் சட்டம் வந்தது. ஆள் பற்றாக்குறை இருக்கிற நாட்டில் ஒரே ஆள் ரெண்டு வேலையும் தெரிஞ்சிருக்கணும் என்பது நியாயமான யோசனைதான். ஒரு கிராம ஆஸ்பத்திரிக்கு ஒரு நர்ஸ்தான் கிடைப்பாங்கன்னா, அவங்களுக்குக் காய்ச்சலும் தெரியணும், பிரசவமும் தெரியணும்.

1954 நவம்பர் 1ல் பாண்டிச்சேரியின் நிர்வாகம் இந்தியா கைக்கு வந்தது. 1962ல் சட்டப்படி இணைப்பு முடிந்தது. பழைய பிரெஞ்சு மருத்துவப் பள்ளி 1956ல் தன்வந்திரி மருத்துவக் கல்லூரி ஆகி, 1964 ஜூலையில் ஜிப்மர் ஆனது. ஜிப்மரில் நர்சிங் கல்லூரி 2006ல் வந்தது. பாடத்திட்டம் இந்தியாவில் எல்லா இடத்திலும் இருப்பதுதான். பிரெஞ்சு முறையில் மருத்துவச்சிக்கு இருந்த தனி இடம் இதில் இல்ல.

ரெண்டு வருஷம், ஒன்றரை வருஷம் ஆனபோது

இதுக்கு நடுவில் நாட்டளவில் இன்னொரு மாற்றம் நடந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு கிராமங்களுக்காக உருவாக்கப்பட்டவங்க ஏ.என்.எம்., துணை செவிலி. அவங்க முக்கிய வேலையே பிரசவம்தான். 1973ல் கர்தார் சிங் கமிட்டி, ஒவ்வொரு வேலைக்கும் ஓர் ஆள் என்பதை மாத்தி, எல்லா வேலையும் செய்யும் பல்நோக்குப் பணியாளர் வேணும்னு சொன்னது. ஏ.என்.எம்.களும் அதில் சேர்ந்தாங்க. 1977ல் அவங்க படிப்பு 24 மாசத்திலிருந்து 18 மாசமா குறைஞ்சது. தடுப்பூசி, குடும்பக் கட்டுப்பாடு, கணக்கு எழுதும் நோட்டுகள்னு வேலைகள் கூடிக்கிட்டே போச்சு. பிரசவம் கையைவிட்டு நழுவ ஆரம்பிச்சது.

இலங்கை வேற மாதிரி போனது. கொழும்பு டி சொய்சா மகப்பேறு மனை 1879ல் தொடங்கியது. அங்கே மருத்துவமாதுக்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். அதிலிருந்து இன்னைக்கு வரைக்கும் மருத்துவமாது என்பது அங்கே தனித் தொழில், நர்ஸ் வேலையில் ஒரு துண்டு இல்ல. யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ ஒரு கர்ப்பிணிக்கு அவங்க பகுதியின் குடும்பநல மாது யாருன்னு பெயரோட தெரியும். இலவச மருத்துவம், பெண் கல்வி எல்லாம் அங்கே சேர்ந்துதான் வேலை செஞ்சது. ஆனாலும் 2010களில் அந்த நாட்டின் தாய் மரண விகிதம் லட்சத்துக்கு 40க்குக் கீழே இருந்ததில், இந்த மருத்துவமாதுக்களின் பங்கை யாரும் மறுப்பதில்லை.

லேபர் வார்டில் வரிசை

இப்போ இன்றைய பாண்டிச்சேரிக்கு வருவோம். இங்கே அநேகமா எல்லாப் பிரசவமும் ஆஸ்பத்திரியில்தான் நடக்குது. ஜிப்மருக்கும், எல்லைப்பிள்ளைச்சாவடியில் இருக்கிற ராஜீவ்காந்தி அரசு மகளிர் குழந்தைகள் மருத்துவமனைக்கும் விழுப்புரம், கடலூர் பக்கமிருந்தும் கர்ப்பிணிகள் வர்றாங்க. அப்போ மாணவர்களுக்குக் கத்துக்கப் பஞ்சமே இருக்காதுன்னு தோணும் இல்லையா?

பிரச்சினை அங்கேதான் இருக்கு. எந்த ஊராக இருந்தாலும் ஒரு பயிற்சி மருத்துவமனையின் லேபர் வார்டில் ஒரு கட்டிலைச் சுத்தி யார் யார் நிற்பாங்கன்னு எண்ணிப் பாருங்க. முதுநிலை படிக்கிற டாக்டர். ஹவுஸ் சர்ஜன். எம்.பி.பி.எஸ். மாணவர்கள். அதுக்கப்புறம் பி.எஸ்சி. நர்சிங், ஜி.என்.எம்., ஏ.என்.எம். மாணவர்கள். எல்லாருக்கும் கத்துக்க வேண்டிய கணக்கு உண்டு. குழந்தை ஒண்ணுதான். ஏந்தும் கையும் ஒண்ணுதான். மருத்துவக் கல்லூரிகள் கூடக் கூட, வரிசையில் நர்சிங் மாணவியின் இடம் பின்னாடி போகுது.

ரெண்டாவது காரணம் சிசேரியன். தேசிய குடும்பநல ஆய்வின் 2019-21 சுற்றுப்படி, புதுச்சேரியில் மூன்றில் ஒன்றுக்கு மேற்பட்ட பிரசவம் சிசேரியன். பக்கத்தில் தமிழ்நாட்டில் 44.9 சதவீதம். ஒவ்வொரு சிசேரியனும், மாணவி தன் கையால் நடத்திக் கத்துக்க முடியாத ஒரு பிரசவம். அதில் அவசியமானவை நிச்சயம் உண்டு. ஆனா பயிற்சிக் கணக்கில் பார்த்தா, கத்துக்கிற வாய்ப்பு அந்த அளவுக்குக் குறையுது.

இந்திய நர்சிங் கவுன்சில் பாடத்திட்டம் நீண்ட காலமா, ஒரு மாணவி 20 இயல்பான பிரசவங்களை நடத்தியிருக்கணும், ஒவ்வொண்ணையும் கேஸ் புக்கில் எழுதிக் கையெழுத்து வாங்கணும்னு கேட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி 40 பிரசவம். கர்ப்பிணிகள் போதுமான அளவு இல்லைன்னா 30ஆகக் குறைக்கலாம். ஆனா அப்போ இன்னும் 20 பிரசவத்தில் உதவியாளரா நின்னிருக்கணும். செய்தது தனிக் கணக்கு, உடன் நின்றது தனிக் கணக்கு. 1803ன் அந்த ‘அல்லது’ இங்கே ‘அதோட’ என்று மாறியிருக்கு.

நம்ம கேஸ் புக்கில் எண்ணிக்கை இருக்கும், கையெழுத்து இருக்கும். அந்த 20ல் எத்தனையில் முதல் கை மாணவியுடையது என்பது அந்தத் தாளில் தெரியாது. ‘பார்த்தேன்’ என்ற சொல்லின் ரெண்டு அர்த்தமும் அந்த ஒரே கட்டத்துக்குள் உட்கார்ந்திருக்கும்.

இது வெறும் சந்தேகம் இல்லன்னு காட்ட ஓர் ஆய்வு இருக்கு. குஜராத்தில் நடந்து 2015ல் வெளியானது. 25 கல்லூரிகள், 633 இறுதியாண்டு நர்சிங் மாணவர்கள். கர்ப்ப காலம், பிரசவ நேரம், பிரசவத்துக்குப் பின், பச்சிளம் குழந்தை என்று நாலு பகுதிகளில், ‘இந்தத் திறன்களைத் தன்னம்பிக்கையோட செய்வீங்களா?’ன்னு கேட்டாங்க. தன்னம்பிக்கை உயர்ந்த அளவில் இருந்தவங்க, பகுதியைப் பொறுத்து, 25 முதல் 40 சதவீதம் பேர்தான். குஜராத் பாண்டிச்சேரி இல்ல, சரிதான். ஆனா பாடத்திட்டமும் கவுன்சிலும் ஒண்ணுதான்.

ராத்திரி டியூட்டியில் யார்?

‘அதான் டாக்டர் இருக்காங்களே, நர்ஸுக்கு எதுக்கு இவ்வளவு?’ இந்தக் கேள்வி நியாயமானது. 1946ல் லட்சத்துக்குச் சுமார் 2,000ஆக இருந்த தாய் மரணம், 2020-22 கணக்கில் இந்தியாவில் 88. ஆஸ்பத்திரிப் பிரசவமும், டாக்டரும், ரத்த வங்கியும், சிசேரியனும் இல்லாம இது நடந்திருக்காது.

ஆனா இங்கே படிக்கிறவங்க எல்லாரும் ஜிப்மரிலேயே வேலை செய்யப் போறதில்லை. தமிழ்நாட்டின் 24 மணி நேர ஆரம்ப சுகாதார நிலையங்கள் ஓடுவதே மூணு ஸ்டாஃப் நர்ஸ்கள் ஷிஃப்ட் மாத்தி வேலை பார்க்கிற ஏற்பாட்டில்தான். ராத்திரி ரெண்டு மணிக்கு ஒரு கர்ப்பிணி வலியோட வந்து இறங்கும்போது, எதிரில் நிற்கிறது 22, 23 வயசுப் பெண்ணா இருக்கலாம். டாக்டர் ஃபோனில் இருப்பார். கை அந்தப் பெண்ணோடது.

அப்போ அவளுக்கு என்ன தெரிஞ்சிருக்கணும்? வலி சரியான வேகத்தில் முன்னேறுதா, இல்ல இப்பவே 108ஐக் கூப்பிட்டு அனுப்பணுமா? குழந்தை பிறந்து ஒரு நிமிஷத்துக்குள் தாய்க்கு ஆக்சிடோசின் ஊசி போட்டாச்சா? நஞ்சு முழுசா வந்துச்சா? ரத்தம் அரை லிட்டரைத் தாண்டுதா? குழந்தை அழலைன்னா, முதல் ஒரு நிமிஷத்துக்குள் துடைச்சு, தூண்டி, பை-மாஸ்க் வச்சு மூச்சு கொடுக்கணும். இதில் எதையும் அந்த நேரத்தில் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துச் செய்ய முடியாது.

கட்டிலில் இருக்கிறவங்க பக்கம்

இதில் நாம மறந்துபோற ஒருத்தர் இருக்காங்க. வலியில் படுத்திருக்கிற அந்தப் பெண்.

மாணவிக்குக் கை பழகணும்னு சொல்றது சுலபம். யார் உடம்பில் பழகுறது? அரசு ஆஸ்பத்திரிக்கு வர்ற ஏழைப் பெண்ணோட உடம்பில். ஒரே கர்ப்பிணியை நாலு பேர் மாத்தி மாத்தி உள்பரிசோதனை செஞ்சா, அது அவளுக்கு வலி, அவமானம், கிருமித் தொற்று அபாயமும் கூட. அதனால 20ஐ 40 ஆக்கிட்டா எல்லாம் சரியாயிடும்னு சொல்ல முடியாது. எண்ணிக்கை மட்டும் கூடினா, வரிசை இன்னும் நீளமாகும், அவ்வளவுதான்.

இங்கேதான் மேடம் து குத்ரேயின் துணிப் பொம்மை திரும்ப முக்கியமாகுது. முதல் இருபது தப்பையும் பொம்மை மேல பண்ணு. அதுக்கப்புறம் ஒரே பெண்ணோட, அவள் சம்மதத்தோட, அனுபவமுள்ள ஒரு மிட்வைஃப் பக்கத்தில் நிற்க, வலி தொடங்கியதிலிருந்து குழந்தை பால் குடிக்கும் வரைக்கும் கூடவே இரு. 2021ல் வந்த புது பி.எஸ்சி. நர்சிங் பாடத்திட்டம் ஸ்கில் லேப் பயிற்சிக்குக் கூடுதல் இடம் கொடுத்திருக்கு. நல்ல விஷயம். ஆனா அந்த லேபைப் பூட்டி வச்சு, இன்ஸ்பெக்‌ஷன் வர்றப்போ மட்டும் திறந்தா பிரயோஜனம் இல்ல.

பக்கத்தில் நிற்கிற அந்த ‘அனுபவமுள்ள மிட்வைஃப்’ யார்? நர்சிங் ஆசிரியர்கள் பலர் வகுப்பறையில், டியூட்டி நர்ஸ்கள் வார்டில். சொல்லிக்கொடுக்கிறவர் பிரசவம் பார்ப்பதில்லை, பார்க்கிறவருக்குச் சொல்லிக்கொடுக்க நேரமில்லை. பழைய மருத்துவச்சி தன் மருமகளுக்குச் சொல்லிக்கொடுத்த முறையில் ஆயிரம் குறை உண்டு. ஆனா சொல்லிக்கொடுத்தவரும் பிரசவம் பார்த்தவரும் ஒரே ஆள்.

திரும்பி வரும் மருத்துவச்சி

2018 டிசம்பரில் இந்திய அரசு மகப்பேறு செவிலியர் சேவைக்கான வழிகாட்டுதல்களை வெளியிட்டது. நர்சிங் முடிச்சு அனுபவம் உள்ளவங்க, இன்னும் 18 மாசம் படிச்சு, ‘நர்ஸ் ப்ராக்டிஷனர் இன் மிட்வைஃபரி’ ஆகலாம். சிக்கல் இல்லாத பிரசவங்களை அவங்களே முன்நின்று நடத்தும் தனிப் பிரிவுகள் வரும். தெலங்கானா இதுக்கு முன்னாடியே 2017ல் ஒரு முன்னோட்டம் தொடங்கியிருந்தது. 2023ல் 1947ன் பழைய சட்டத்துக்குப் பதிலா தேசிய நர்சிங் மற்றும் மிட்வைஃபரி ஆணையச் சட்டம் வந்தது. சட்டத்தின் பெயரிலேயே மிட்வைஃபரி என்ற சொல் ஏறியிருக்கு.

இந்த 18 மாசத்தை இன்னொரு பக்கமிருந்தும் படிக்கலாம். ஏற்கெனவே ‘பதிவு பெற்ற மிட்வைஃப்’ என்று சான்றிதழ் வச்சிருக்கிறவங்களுக்கு மறுபடியும் 18 மாசம் மிட்வைஃபரி சொல்லித் தரணும்னு அரசே முடிவு பண்ணியிருக்கு. முதல் சான்றிதழில் இருந்த ‘எம்’ எவ்வளவு மெலிஞ்சிருந்தது என்பதுக்கு இதைவிட வேற சாட்சி வேண்டாம்.

இந்த 18 மாசப் படிப்பு கொஞ்சம் பேருக்குத்தான் கிடைக்கும். மத்த எல்லாரும் நாலு வருஷம் முடிச்ச கையோட வேலைக்குப் போவாங்க. அதனால அந்த நாலு வருஷத்துக்குள்ளேயே ஒரு சின்ன மாற்றம் வேணும். கேஸ் புக்கில் ஒரே கட்டம் இருக்கிற இடத்தில் ரெண்டு கட்டம்: ‘உடன் நின்றேன்’, ‘நானே நடத்தினேன்’. ரெண்டாவது கட்டத்தில் கையெழுத்துப் போடுறவர் அந்த நேரத்தில் அங்கேயே நின்னவரா இருக்கணும். ரெண்டாவது கட்டம் நிறையாத மாணவி ஃபெயில் இல்ல. அவளுக்கு இன்னும் போஸ்டிங் தரவேண்டியது கல்லூரியின் கடன்.

இந்த எபிசோடைக் கேக்கிற உங்களில் நர்சிங் படிக்கிறவங்க இருக்கலாம். உங்க நோட்டில் அந்த ரெண்டாவது கட்டத்தை நீங்களே இன்னைக்கு ஒரு கோடு போட்டுப் பிரிச்சுக்கலாம், அதுக்கு யார் அனுமதியும் வேண்டாம். அதில் எண்ணிக்கை குறைவா இருந்தா, உங்க மேடமிடம் நேரடியா கேளுங்க: ‘மேடம், எனக்கு இன்னும் கை பழகல. இன்னொரு வாரம் லேபர் வார்டு போஸ்டிங் கொடுங்க.’ கூச்சமா இருக்கும். வேலைக்குச் சேர்ந்த பிறகு, ராத்திரி ரெண்டு மணிக்கு, ஃபோனில் டாக்டர் லைன் கிடைக்காதபோது வர்ற பயத்தைவிட இந்தக் கூச்சம் சின்னது.

இந்தப் படிப்பு படிச்சவங்க, படிக்கிறவங்க உங்க அனுபவத்தை எழுதி அனுப்புங்க. கல்லூரிப் பெயரும் நோயாளிகள் பெயரும் வேண்டாம். அடுத்த எபிசோடில் சந்திப்போம்.